நாற்பத்தைந்து விநாடி

சாவியைத் திருப்பினால் உயிர் வரணும்,
எடுத்தால் உடனே சாகக் கூடாது.
ஜெசிந்தா கேட்டது அவ்வளவுதான்.

பழைய ஆம்னி. பின்சீட்டைக் கழற்றி
பாசி மூட்டைக்கு இடம் பண்ணியிருந்தாள்.
தராசுக்குப் பக்கத்தில் ஒரு பலகை,
பலகைமேல் லேப்டாப், சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டி.
அதன் சொந்த பேட்டரி உப்பிப்போய்
போன ஆடியிலேயே பிடுங்கி எறிந்தாயிற்று.
வண்டி போடும் சோற்றில்தான் இப்போது பிழைப்பு.
பன்னிரண்டு வோல்ட்டைப் பத்தொன்பதாக்க
நடுவே ஒரு சின்னப் பெட்டி;
தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி.

போன வியாழன், சின்ன ஏர்வாடிக் கரையில்
இருளாயி இறக்கியது மரிக்கொழுந்துப் பாசி,
முப்பத்தெட்டு கிலோ.
தராசு சொன்னது. திரை எழுதிக்கொண்டது.
ரசீது வரும் நேரம்
தண்ணி ஏறுது, டயர் புதையுது என்று யாரோ கத்த
ஜெசிந்தா ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணினாள்.
ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு மிடறு இழுத்தால்
பன்னிரண்டு ஒன்பதாகும், எட்டாகும்.
அந்த அரை விநாடிப் பட்டினியில்
திரை கறுத்தது.
மூட்டை மற்ற மூட்டைகளோடு கலந்து கிடந்தது,
எடை மட்டும் எங்கும் இல்லை.

"கடலு வாங்கிக்கிட்டா கேக்க மாட்டேன்.
பொட்டி வாங்கிக்கிட்டா?" என்றாளாம் இருளாயி.
என்னிடம் பதில் இல்லை. ரிலே இருந்தது.

மூன்று நாள் கீழக்கரையில் என் கடை வாசலில் வண்டி.
முனைக்கு முனை பச்சை பூத்திருந்தது உப்பு;
சுரண்டி, வாஸ்லின் தடவி,
இருக்கைக்கு அடியில் தனியாக ஒரு சின்ன பேட்டரி.
என்ஜின் ஓடும்போது பெரியது சின்னதுக்கு ஊட்டும்.
ஸ்டார்ட் ஆகும்போது
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
லேப்டாப்பின் பொத்தானைத் திறந்து
மயிர்கனத்தில் இரண்டு வயர் பற்றவைத்தேன்.
சாவி திரும்பினால் ரிலே ஒரு 'டொக்',
யாரோ விரலால் அழுத்தின மாதிரி.
சாவியை எடுத்தால் மறுபடி டொக்,
பிறகு நாற்பத்தைந்து விநாடி:
எண்ணியதை எழுதி வை, திறந்ததை மூடு.
அதற்கப்புறம்தான் கரண்டை வெட்டும்.

முப்பது போதும் என்றான் கடைப்பையன் அசனலி.
போதாது.
சாயல்குடியில் யார் எவ்வளவு தரணும் என்று
சொல்ல ஆரம்பித்த என் வாப்பா
"அந்த..." என்றதோடு நின்றுபோனார்.
அந்த யார் என்று இன்றுவரை தெரியாது.

திங்கள்கிழமை சேதுக்கரை. கச்சான் மணலை வாரி வீசியது.
விரலில் துணி சுற்றிய பெண்கள்
ஈரத்தோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள்.
ஸ்டார்ட் பண்ணினேன். திரை இமைக்கவில்லை.
இருளாயி நம்பவில்லை.
அணை என்றாள். போடு என்றாள். மறுபடி அணை.
ஏழாவது தடவை
தராசில் தானே ஏறி நின்றாள்.
நாற்பத்தாறு கிலோ, நனைந்த சேலையோடு.
"இப்ப எடு சாவிய."

டொக்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலில் எண்ணினாள்.
நாற்பத்தைந்தில் திரை அணைந்தது,
அவள் இன்னும் மூச்சு விடவில்லை.
தண்ணிக்குள் இதெல்லாம் அவளுக்குப் பாதி தூரம்.
விட்டபின் சொன்னாள்: "போடு."
டொக்.
நெடுநேரம் யோசித்து, ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து
கடைசியில் காட்டியது: 46.
"ம்ம். இருக்கேன்" என்றாள்.

அதற்குள் பெரிய பேட்டரி செத்திருந்தது,
அத்தனை சோதனைக்கு அதுதான் கொடுத்த விலை.
ஸ்டார்ட்டர் க்ளிக் க்ளிக் என்றது, அதோடு சரி.
உள்ளே லேப்டாப் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்க
ஒன்பது பெண்கள் மணலில் கால் புதையப் புதைய
வண்டியைத் தார் ரோடு வரை தள்ளினார்கள்.
என்ஜின் பிடித்தபோது இருளாயி கதவைத் தட்டினாள்:

"முப்பத்தெட்டு கிலோ ஒண்ணு.
தள்ளுன கூலி ஒண்ணு.
எங்கண்ணு முன்னால அடி,
அடிச்சப்புறம் சாவிய எடு."